அவுட்போர்டு எஞ்சினும் அதன் எண்ணெய் வழங்கலும்

அவுட்போர்டு எஞ்சின் என்பது படகின் பின்பலகையில் வெளிப்புறமாகத் திருகி மாட்டப்படும் எஞ்சின் ஆகும். எஞ்சின், அதன் சக்தியைக் கீழே கொண்டுசெல்லும் தண்டு, நீருக்குள் சுழலும் புரொப்பெல்லர் ஆகிய மூன்றும் ஒரே தொகுப்பாக இருக்கும். வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு போகலாம். கன்னியாகுமரிக் கடற்கரையில் இதைச் சுருக்கமாக ஓபிஎம் என்பர். இதன் பழைய மாடல்களில் பெரும்பாலானவை இருவீச்சு வகையைச் சேர்ந்தவை. பேச்சு வழக்கில் டூ ஸ்ட்ரோக். இவ்வகை எஞ்சினுக்கு மசகு எண்ணெயை யார் ஊட்டுவது, ஓட்டுபவரின் கையா அல்லது எஞ்சினோடு சேர்ந்த பம்பா என்ற கேள்விக்கு நூறாண்டுகளுக்குள் விடை மூன்று முறை மாறியுள்ளது. நடுக்கடலில் எஞ்சின் இறுகி நின்றுபோன பல சம்பவங்களுக்குப் பின்னால் இந்த மாற்றங்களும் உண்டு.

திண்டுக்கல் நகரம் கடலிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ளடங்கியது. எனினும் இந்தச் செய்தியைப் புரிந்துகொள்ளத் திண்டுக்கல் சமவெளியில் ஓடிய இரண்டு எஞ்சின்களே போதும். ஒன்று தோட்டத்துக் கிணற்றில் இருந்த ஆயில் எஞ்சின். மற்றொன்று அதே தோட்டத்திலிருந்து காய்கறி மூட்டையைச் சந்தைக்குக் கொண்டுவந்த மொபெட்.

எண்ணெய் தங்கும் எஞ்சினும் தங்காத எஞ்சினும்

மின்சார பம்புசெட் பரவும் முன்பு கிணற்றுப் பாசனத்தில் கவலை மாட்டின் இடத்தைப் பிடித்தது டீசல் எஞ்சின். கிர்லோஸ்கர், கூப்பர் முதலிய நிறுவனங்களின் எஞ்சின்களும், ராஜ்கோட்டில் செய்யப்பட்ட லிஸ்டர் வகை எஞ்சின்களும் ஊர்ப்புறங்களில் பெயர்பெற்றவை. இவை நான்குவீச்சு வகை. அடிப்பகுதியில் ஒரு தொட்டியில் எண்ணெய் கிடக்கும். அந்த எண்ணெயே மேலே தெறித்தோ பம்பின் வழியாகவோ பாகங்களை நனைத்துவிட்டு மீண்டும் தொட்டிக்கு வரும். அளவுக்கோலை இழுத்துப் பார்த்தால் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும். ஒரு நாள் பார்க்க மறந்தாலும் பெரும்பாலும் கேடு வராது.

மொபெட்டின் கதை வேறு. 1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டிவிஎஸ் 50 இருவீச்சு எஞ்சினைக் கொண்டது. இதற்குள் எண்ணெய்த் தொட்டி கிடையாது. பெட்ரோல் பங்கில் பெட்ரோல் போடும்போதே '2டி ஆயில்' சேர்த்துப் போடச் சொல்வது இதனால்தான். பெட்ரோலோடு உள்ளே போன எண்ணெய் பிஸ்டனையும் பேரிங்கையும் நனைத்துவிட்டு, பெட்ரோலோடு சேர்ந்து எரிந்து புகையாக வெளியேறிவிடும். போனது திரும்பி வராது. ஆகவே ஒவ்வொரு லிட்டருக்கும் புதிதாக எண்ணெய் கொடுத்தாக வேண்டும்.

ஏன் இப்படி? இங்கிலாந்தின் பாத் நகரைச் சேர்ந்த ஜோசப் டே 1890களின் தொடக்கத்தில் எளிய இருவீச்சு எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். கிராங்க் தண்டு சுழலும் கீழறையையே காற்று பம்பாகப் பயன்படுத்தியது அவருடைய யோசனை. பிஸ்டன் மேலே போகும்போது எரிபொருள் கலந்த காற்று கீழறைக்குள் இழுக்கப்படும். கீழே வரும்போது அது அழுத்தப்பட்டு மேலே சிலிண்டருக்குள் தள்ளப்படும். நான்குவீச்சு எஞ்சின் எண்ணெய் வைக்கும் இடத்தில் இங்கே எரிபொருளும் காற்றும் ஓடுகின்றன. அங்கே எண்ணெயைத் தேக்கினால் அதுவும் மேலே போய் எரிந்துவிடும். எஞ்சின் இலேசாகவும் மலிவாகவும் அமைந்ததற்கும், எண்ணெய்ச் சிக்கல் அதனுடனேயே பிறந்ததற்கும் காரணம் ஒன்றுதான்.

கையால் கலந்த காலம்

இலேசான எஞ்சின் படகுக்கு ஏற்றது. அமெரிக்காவில் கேமரன் வாட்டர்மேன் என்பவர் 1907இல் அவுட்போர்டு எஞ்சினுக்குக் காப்புரிமை பெற்றார். நார்வேயில் பிறந்து மில்வாக்கி நகரில் வாழ்ந்த ஓலே எவின்ரூட் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்த எஞ்சின்தான் பரவலாக வெற்றி பெற்றது. அதன் திறன் ஒன்றரைக் குதிரைத்திறன், எடை 62 பவுண்டு. அதாவது சுமார் 28 கிலோ. காதலிக்கு ஐஸ்கிரீம் வாங்கிவர ஏரியைத் துடுப்புப் போட்டுக் கடந்த வெயில் நாளில் இந்த யோசனை அவருக்குத் தோன்றியது என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. எந்திர வரலாற்றில் இப்படிப்பட்ட கதைகளுக்குப் பஞ்சமில்லை.

பெட்ரோலில் எண்ணெயைக் கலந்து ஊற்றும் முறையே அவுட்போர்டு எஞ்சின்களில் நிலைபெற்றது. எவ்வளவு கலப்பது என்பது காலந்தோறும் குறைந்து வந்திருக்கிறது. தொடக்க கால எண்ணெய்கள் தரத்தில் தாழ்ந்தவை. பேரிங்குகளும் எளிய உராய்வு வகை. ஆகவே எண்ணெய் மிகுதியாக வேண்டியிருந்தது. 1950களில் 24 பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு என்பது வழக்கமாயிற்று. 1964இல் எவின்ரூட், ஜான்சன் ஆகிய பெயர்களில் எஞ்சின் செய்துவந்த ஓஎம்சி நிறுவனம் 50க்கு 1 என்ற அளவுக்கு வந்தது. 1980களின் நடுவில் சில சிறிய எஞ்சின்களுக்கு 100க்கு 1 போதும் என்று அறிவிக்கப்பட்டு, பின்னர் ஓஎம்சி 50க்கே திரும்பியது.

மாணவர்கள் இந்த விகிதத்தை மில்லிலிட்டரில் நினைவு வைப்பது எளிது. 50க்கு 1 என்றால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி. 25க்கு 1 என்றால் 40 மில்லி. 100க்கு 1 என்றால் 10 மில்லி. இருபது லிட்டர் கேனுக்கு 50க்கு 1 கலவை வேண்டுமானால் 400 மில்லி எண்ணெய். முதலில் எண்ணெயைச் சிறிது பெட்ரோலில் கரைத்துவிட்டுப் பிறகு மீதியை ஊற்ற வேண்டும். எண்ணெயை மட்டும் கேனின் அடியில் ஊற்றி மேலே பெட்ரோலை விட்டு அப்படியே எடுத்துக்கொண்டு போனால், முதல் கால் மணி நேரம் எஞ்சின் புகையைக் கக்கும், பிறகு எண்ணெய் இல்லாமல் ஓடும்.

கைக்கலவையில் ஒரு நன்மை உண்டு. எஞ்சின் ஓடுகிறது என்றாலே எண்ணெயும் போகிறது என்று பொருள். ஆனால் அதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. எண்ணெய் எரிபொருளோடு வருவதால், எரிபொருள் குறைந்தால் எண்ணெயும் குறையும். கார்புரேட்டர் ஜெட்டில் தூசி அடைத்தாலோ, எரிபொருள் குழாய் காற்றை இழுத்தாலோ, சிலிண்டருக்குள் சூடு ஏறுகிற அதே நேரத்தில் மசகும் மெலிந்துவிடுகிறது. கலவை சரியாக இருந்தும் பிஸ்டன் இறுகியது ஏன் என்று வியப்பவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை.

தமிழர் கடற்கரைகளில்

இந்தியாவின் தென்கரையில் மீன்பிடிப் படகுகளுக்கு எஞ்சின் பொருத்தும் பெருமுயற்சி இந்திய-நார்வே திட்டத்துடன் தொடங்கியது. 1952இல் ஒப்பந்தமாகி 1953இல் கொல்லத்தை அடுத்த நீண்டகரைப் பகுதியில் அது செயல்படத் தொடங்கியது. மரபுப் படகுகளிலேயே எஞ்சினை வைக்கும் முதல் எண்ணம் பலிக்கவில்லை. புதிய வடிவப் படகுகளின் பக்கம் திட்டம் திரும்பியது. தமிழ்நாட்டிலும் 1950களின் பிற்பாதியிலிருந்து அரசு ஊக்குவித்தவை உட்பொருத்து டீசல் எஞ்சின் கொண்ட விசைப்படகுகளே. கட்டுமரமும் வள்ளமும் பாயையும் துடுப்பையும் நம்பியே தொடர்ந்தன.

அவுட்போர்டு எஞ்சின் சிறு மீனவர் கைக்கு வந்தது 1980களில்தான். கேரளத்தில் அந்தப் பத்தாண்டின் தொடக்கத்தில் மிக வேகமாகப் பரவியது. கன்னியாகுமரி மாவட்டத்தில் முட்டத்தில் அமைந்த படகு கட்டும் மையம், பெல்ஜியத்தைச் சேர்ந்த பியர் ஜிலேயின் முயற்சியோடு, பிளைவுட்டால் ஆன படகுகளை உருவாக்கியது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பான சிஃப்ஸ் பிளைவுட் படகுத் தளங்களையும் எஞ்சின் பழுது நீக்கும் வசதிகளையும் நடத்தியது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட வங்காள விரிகுடாத் திட்டம் சிறு படகுகளின் எரிபொருள் செலவு பற்றி ஆய்வுகளை வெளியிட்டது. எஞ்சின் வாங்கிய கடனும் எரிபொருள் செலவும் சேர்ந்து மீனவர் வருமானத்தை விழுங்கும் நிலை அப்போதே தெரிந்திருந்தது. ஒரு பிஸ்டனும் சிலிண்டரும் இறுகினால் அந்தக் கணக்கு முழுவதும் கவிழ்ந்துவிடும்.

பெட்ரோல் விலை கட்டுப்படியாகாததால் இக்கரைகளில் மண்ணெண்ணெயில் ஓடும் மாடல்கள் நிலைபெற்றன. பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி, நிறுத்தும் முன்பு மீண்டும் பெட்ரோலுக்கு வருவது முறை. மண்ணெண்ணெய் பெட்ரோலைப் போல எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத துளிகள் சிலிண்டர் சுவரில் படிந்து அங்கிருக்கும் எண்ணெய்ப் படலத்தைக் கழுவிவிடும். அரைகுறையாக எரிவதால் கரியும் சேரும், பிளக்கும் அடிக்கடி அடைபடும். ஆகவே மண்ணெண்ணெய் எஞ்சினில் எண்ணெய்க் கலவையில் சிக்கனம் பார்ப்பது பெட்ரோல் எஞ்சினில் பார்ப்பதைவிட ஆபத்தானது.

இலங்கையின் வடக்கில் இதே தொழில்நுட்பத்துக்கு வேறொரு சோதனை வந்தது. 1990களின் போர்க்காலப் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் பெட்ரோல் கிடைப்பது அரிதாயிற்று. சூப்பிப் போத்தலிலிருந்து சில துளி பெட்ரோலைப் பீய்ச்சிக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையும் காரையும் ஓட்டிய காலம் அது. மண்ணெண்ணெய்க்கென்று வடிவமைக்கப்படாத எஞ்சின்கள் அவை.

பாக் நீரிணைப் பகுதியில் எஞ்சின் நிற்பது பழுது மட்டுமன்று. 1974, 1976 ஆம் ஆண்டு ஒப்பந்தங்களால் வரையப்பட்ட கடல் எல்லை கரைக்கு மிக அருகில் ஓடுகிறது. எஞ்சின் நின்ற படகை நீரோட்டமும் காற்றும் எல்லைக்கு அப்பால் கொண்டுபோனால், கைதும் படகு பறிமுதலும் வரை போகலாம். பாய் விரித்துக் கரை திரும்பும் பழக்கம் அருகிவிட்ட தலைமுறைக்கு எஞ்சினைத் தவிர வேறு துணை குறைவு.

தானாக ஊட்டும் பம்பு

கையால் கலப்பதில் தவறு நேரும். மெதுவாக ஓடும்போது தேவைக்கு மேல் எண்ணெய் போய்ப் புகையும் கரியும் பெருகும். இதற்கு ஜப்பானிய மோட்டார் சைக்கிள்களில் தீர்வு பிறந்தது. 1964இல் யமஹா தன் ஒய்ஏ-6 மோட்டார் சைக்கிளில் 'ஆட்டோலூப்' என்ற அமைப்பைக் கொண்டுவந்தது. எண்ணெய் தனித் தொட்டியில் இருக்கும். எஞ்சினால் சுழற்றப்படும் சிறு பம்பு, ஆக்சிலரேட்டரின் திறப்புக்கு ஏற்ப எண்ணெயை அளந்து ஊட்டும்.

திண்டுக்கல் மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான 1985இல்தான் யமஹா ஆர்எக்ஸ் 100 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது. அதிலும் இதே ஆட்டோலூப் பம்பு இருந்தது. பிற்காலத்தில் பழைய ஆர்எக்ஸ் 100 வைத்திருந்தவர்கள் பலர் அந்தப் பம்பை நம்பாமல் கழற்றிவிட்டுப் பெட்ரோலில் நேரடியாக 2டி ஆயிலைக் கலந்து ஓட்டினார்கள். படகுகளிலும் இதே நிகழ்ந்தது. ஆனால் சாலையில் நின்ற வண்டியைத் தள்ளிக்கொண்டு போகலாம்.

அவுட்போர்டு எஞ்சின்களில் எண்ணெய் பம்பு 1980களின் முற்பாதியில் பரவியது. சுசுகியும் யமஹாவும் ஒருபுறம் கொண்டுவர, ஓஎம்சி நிறுவனம் 1984 மாடல்களில் விஆர்ஓ என்ற அமைப்பை அறிமுகப்படுத்தியது. இரண்டு வகைகளுக்கும் உள்ள வேறுபாடு பழுது தேடுவதற்கு முக்கியமானது. யமஹா வகையில் கிராங்க் தண்டிலிருந்து பல்சக்கரம் வழியாகப் பம்பு சுழல்கிறது. அதிலிருந்து ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக்குழாய் போகிறது. விஆர்ஓ வகையில் கீழறையின் அழுத்த மாற்றமே பம்பை இயக்குகிறது. எரிபொருளும் எண்ணெயும் பம்பிலேயே கலந்து, பொதுவாகக் கார்புரேட்டர்களுக்குப் போகின்றன. முன்னதில் ஒரு குழாய் அடைத்தால் ஒரு சிலிண்டர் மட்டும் காயும். பின்னதில் கோளாறு வந்தால் எல்லாச் சிலிண்டரும் ஒன்றாகக் காயும்.

பெரிய எஞ்சின்களில் படகுக்குள் ஒரு பெரிய எண்ணெய்த் தொட்டியும், அதிலிருந்து எஞ்சின் மேலுள்ள சிறு தொட்டிக்கு எண்ணெய் ஏற்றும் மின்பம்பும் வைப்பதுண்டு. சிறிய, தோளில் சுமந்து செல்லும் எஞ்சின்களுக்கு இதெல்லாம் வரவில்லை. அலையடிக்கும் கரையில் படகை ஏற்றி, எஞ்சினைக் கழற்றி, சாய்த்து வைத்து, மறுநாள் மீண்டும் மாட்டும் வாழ்க்கைக்குக் கைக்கலவையே பொருந்தியது. ஆகவே நம் கரைகளில் எண்ணெய் பம்புச் சிக்கல் பெரிய எஞ்சின்களில்தான் மிகுதி.

பழுதின் இயல்பு

தானியங்கி அமைப்பின் பெருங்குறை அதன் மௌனம். எரிபொருள் தீர்ந்தால் எஞ்சின் நிற்கும். பிளக் கெட்டால் தடுமாறும். எண்ணெய் நின்றால் உடனே எதுவும் நடக்காது. உள்ளே மிச்சமிருக்கும் படலத்தில் எஞ்சின் சில நிமிடங்கள் நன்றாகவே ஓடும். புகை குறைந்ததால் இன்னும் நன்றாக ஓடுவதுபோலக்கூடத் தோன்றும். பிறகு வேகம் மெல்லக் குறையும், ஒலி உலோகத்தன்மை பெறும், அப்புறம் இறுகும். மெக்கானிக்குகள் 'சீஸ் ஆகிவிட்டது' என்று சொல்வது இதைத்தான்.

எச்சரிக்கை ஒலி இருக்கிறதே என்று கேட்கலாம். பல எஞ்சின்களில் அந்த ஒலி தொட்டியிலுள்ள மிதவையோடு இணைந்தது. தொட்டியில் எண்ணெய் குறைந்தால் கத்தும். தொட்டி நிறைந்திருந்து குழாய் அடைத்திருந்தால் கத்தாது. எண்ணெய் இருக்கிறதா என்பதை அது சொல்லும். எண்ணெய் போகிறதா என்பதைச் சொல்லாது. இந்த ஒரு வேறுபாட்டைப் புரிந்துகொள்ளாததால் கெட்ட எஞ்சின்கள் பல. சில நாட்கள் ஓட்டியும் எண்ணெய்த் தொட்டி நிறைந்தே இருந்தால் அதைச் சிக்கனம் என்று எண்ணி மகிழ்வது தவறு. அன்றே எஞ்சினை நிறுத்திப் பார்க்க வேண்டிய அடையாளம் அது. விஆர்ஓ அமைப்பின் தொடக்க மாடல்களில் எண்ணெய் ஓட்டம் நின்றதைக் காட்டும் வசதி இல்லாமல் இருந்து, அடுத்து வந்த திருத்தங்களில்தான் அது சேர்க்கப்பட்டது.

பழுதைத் தேடும் வழி

பழைய எஞ்சினில் எண்ணெய் வழங்கலை ஐயுற்றால் முதலில் செய்ய வேண்டியது, பம்பை நம்பாமல் எஞ்சினைக் காப்பது. எரிபொருள் கேனில் 50க்கு 1 கலவையை ஊற்றி அதிலேயே ஓட்டலாம். பம்பும் வேலை செய்தால் எண்ணெய் இரட்டிப்பாகும். புகை வரும், பிளக் கறுக்கும், அவ்வளவுதான். பம்பு வேலை செய்யாவிட்டாலும் எஞ்சின் பிழைத்துக்கொள்ளும்.

அடுத்து, எண்ணெய்த் தொட்டியின் பக்கவாட்டில் இப்போதைய மட்டத்தைப் பேனாவால் குறித்துவிட்டு ஓட்ட வேண்டும். முழு வேகத்தில் 50க்கு 1 ஊட்டும் அமைப்பாக இருந்தால் பத்து லிட்டர் எரிபொருள் செலவாகும்போது சுமார் 200 மில்லி எண்ணெய் இறங்கியிருக்க வேண்டும். மெதுவாக ஓட்டினால் இதைவிடக் குறைவாகத்தான் இறங்கும், ஏனெனில் அமைப்பே அப்படி அளந்து ஊட்டுகிறது. ஆகவே துறைமுக வாய்க்காலில் மெல்ல ஓட்டிப் பார்த்துவிட்டுப் பம்பு கெட்டது என்று முடிவு செய்யக் கூடாது. மட்டம் சற்றும் அசையாவிட்டால் மட்டுமே ஐயம் உறுதியாகும்.

பிறகு தொட்டியிலிருந்து எஞ்சின் வரை எண்ணெய் போகும் பாதையை அதே திசையில் தொடர்ந்து போவது நல்லது. இடையில் தாவினால் காரணம் தப்பிவிடும்.

தொட்டியில் முதல் எதிரி தண்ணீர். கடற்காற்றில் நின்ற தொட்டியில் இரவில் ஈரம் படியும். மூடி சரியில்லை என்றால் மழையும் அலையும் உள்ளே வரும். தண்ணீர் எண்ணெயைவிடக் கனமானதால் அடியில் தங்கும், எண்ணெய் உறிஞ்சும் குழாயின் வாயும் அடியில்தான் இருக்கிறது. ஆக, தொட்டி நிறைய எண்ணெய் இருந்தும் பம்புக்கு முதலில் போவது தண்ணீர். தொட்டியின் காற்றுத் துளை அடைத்திருந்தால் எண்ணெய் வெளியேற வெளியேற உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நிற்கும். மூடியைச் சற்றுத் தளர்த்தியதும் எண்ணெய் மீண்டும் ஓடினால் கோளாறு இதுவே. அடியிலுள்ள வடிகட்டியில் ஆண்டுக்கணக்கான கசடு இருப்பதும் உண்டு.

குழாய்களே பழைய எஞ்சினில் மிகுதியாக ஏமாற்றுபவை. எஞ்சின் சூட்டிலும் வெயிலிலும் குழாய் விறைத்து, இணைப்பில் நூலளவு விரிசல் விடும். பம்பு இழுக்கும் பக்கத்தில் விரிசல் இருந்தால் எண்ணெய் வெளியே கசியாது. காற்று உள்ளே போகும். வெளியில் பார்த்தால் எல்லாம் உலர்ந்து சுத்தமாக இருக்கும். ஒளி ஊடுருவும் குழாயானால் உள்ளே நகரும் குமிழிகளைக் காணலாம். குமிழி இருந்தால் அந்தக் குழாயையும் அதன் கிளிப்பையும் மாற்ற வேண்டும். இறுக்கிக் கட்டுவது தற்காலிகம். குழாயை மாற்றிய பிறகு பம்பிலுள்ள காற்று நீக்கும் திருகைத் தளர்த்தி, குமிழியற்ற எண்ணெய் வரும்வரை விட்டு, மீண்டும் இறுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலையை மறந்ததால் புதுக்குழாய் மாட்டிய அன்றே எஞ்சினை இழந்தவர்கள் உண்டு. காற்று நீக்கி முடியும்வரை கேனில் கலவை எண்ணெய் இருந்தாக வேண்டும்.

பம்பில் பார்க்க வேண்டியவை இரண்டு. ஆக்சிலரேட்டரோடு இணைந்த தண்டு கையேட்டில் சொன்ன குறியில் நிற்கிறதா என்பது ஒன்று. கார்புரேட்டரைக் கழற்றி மாட்டியவர் இந்தத் தண்டைச் சரி செய்யாமல் விட்டிருந்தால், முழு வேகத்திலும் பம்பு மெதுவேக அளவையே ஊட்டும். மற்றொன்று, பம்பைச் சுழற்றும் பல்சக்கரம். சில மாடல்களில் இது பிளாஸ்டிக்கால் ஆனது; ஆண்டுகள் ஓடத் தேய்ந்து பல் உதிர்ந்துவிடும். பம்பு நன்றாக இருக்கும், சுழலாது.

பம்புக்குப் பின்னால், சிலிண்டருக்குப் போகும் ஒவ்வொரு குழாயிலும் ஒருவழி வால்வு உண்டு. நீண்ட நாள் ஓடாமல் கிடந்த எஞ்சினில் எண்ணெய் பிசினாகி இந்த வால்வை ஒட்டவைத்துவிடும். பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வைத்தால் கதை தெரியும்: மற்றவை பழுப்பாகவும் ஈரமாகவும் இருக்க, ஒன்று மட்டும் வெளிறி உலர்ந்திருந்தால் அந்தச் சிலிண்டரின் பாதையைத் தேட வேண்டும்.

எஞ்சின் இறுகினால் அதற்கு எண்ணெய்தான் காரணம் என்று முடிவு கட்டவும் கூடாது. குளிர்நீர் ஏற்றும் ரப்பர் சக்கரம் தேய்ந்தாலும் பிஸ்டன் இறுகும். ஓடும் எஞ்சினின் பின்புறம் பீய்ச்சும் நீர்த்தாரை மெலிந்திருந்ததா என்று ஓட்டியவரைக் கேட்பது முதல் விசாரணை. எஞ்சினைப் பிரித்த பிறகு கிராங்க் தண்டின் பேரிங்குகள் நீலம் பாரித்திருந்தால் எண்ணெய்ப் பஞ்சத்தின் பக்கம் ஐயம் சாயும். பேரிங் பளபளப்பாக இருந்து பிஸ்டன் மட்டும் சிராய்ந்திருந்தால் சூட்டின் பக்கம். கியர் பெட்டியில் உள்ள எண்ணெய் முற்றிலும் வேறானது. அது பால்போல வெளுத்திருந்தால் சீல் வழியாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். மேலே சொன்ன எதனோடும் அதற்குத் தொடர்பில்லை.

எந்த எண்ணெய்

பெட்ரோல் பங்கில் மொபெட்டுக்குக் கிடைக்கும் 2டி ஆயில் காற்றால் குளிரும் எஞ்சினுக்கானது. அவுட்போர்டு எஞ்சின் கடல்நீரால் குளிர்வது. அதன் பிஸ்டன் ஒப்பீட்டளவில் குறைந்த சூட்டில் ஓடும். சாம்பல் விடும் சேர்மானங்கள் கொண்ட எண்ணெயை அதில் ஊற்றினால் பிஸ்டன் தலையிலும் பிளக்கிலும் படிவுகள் சேரும். இதற்காகவே சாம்பலற்ற எண்ணெய்களுக்கு அமெரிக்கப் படகுத் தொழில் அமைப்புகள் டிசி-டபிள்யூ என்ற தரக்குறியை வகுத்தன. 1990களில் அது டிசி-டபிள்யூ3 ஆயிற்று. அவசரத்துக்கு மொபெட் எண்ணெய் ஊற்றுவது எண்ணெயே இல்லாமல் ஓட்டுவதைவிட மேல். வழக்கமாக்கிக்கொள்வதுதான் பிழை. டீசல் எஞ்சினுக்கான கெட்டி எண்ணெயையோ, வடித்தெடுத்த பழைய எண்ணெயையோ இருவீச்சு எஞ்சினில் ஊற்றுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

எண்ணெய் யார் கையில் என்ற கேள்வி தரையிலும் சட்டமாயிற்று. தில்லியின் காற்று மாசு வழக்கில் 1998இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவின்படி, அந்த ஆண்டின் இறுதியோடு அங்கே பங்குகளில் 2டி ஆயிலைத் தனியாக அளந்து ஊற்றுவது தடுக்கப்பட்டு, முன்கலவையாக எந்திரம் வழியே வழங்குவது கட்டாயமானது. தேவைக்கு மேல் எண்ணெய் ஊற்றி ஓட்டிய ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் கக்கிய நீலப்புகையே காரணம். கடலில் பஞ்சம் பயம். நகரத்தில் மிகுதி கேடு.

மீண்டும் கைக்கலவைக்கு

ஓஎம்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டு டிசம்பரில் திவாலானது. அடுத்த ஆண்டு அதன் எஞ்சின் பெயர்களைக் கனடாவின் பொம்பார்டியர் வாங்கியது. மின்னணுக் கட்டுப்பாட்டில் எண்ணெய் ஊட்டும் புதிய இருவீச்சு எஞ்சின்கள் எவின்ரூட் பெயரில் வந்தன. 2020 மே மாதத்தில் அந்தப் பெயரில் எஞ்சின் செய்வதும் நிறுத்தப்பட்டது. அமெரிக்காவின் 1996ஆம் ஆண்டு மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் உலகச் சந்தையையே நான்குவீச்சு எஞ்சின்களின் பக்கம் தள்ளியிருந்தன.

இதனால் பழைய எஞ்சின் வைத்திருப்போருக்கு எண்ணெய் பம்பின் உதிரிபாகம் கிடைப்பது கடினமாகி, பம்பைத் துண்டித்துக் கையால் கலப்பதே பலருடைய தேர்வாயிற்று. இதைச் செய்வதில் முறை உண்டு. குழாய்களைக் கழற்றிய இடங்களில் சிலிண்டர் பக்கத்து முனைகளை இறுக அடைக்க வேண்டும்; திறந்திருந்தால் காற்று உள்ளே போய்க் கலவை மெலியும். கிராங்க் தண்டால் சுழலும் பம்பை எண்ணெயின்றி அப்படியே விட்டால் அது வறண்டு தேயும். பல்சக்கரம் உடைந்து துகள் கீழறைக்குள் விழும். ஆகவே பம்பையும் அதன் இயக்கு சக்கரத்தையும் எடுத்துவிட்டுத் துளையைத் தகட்டால் மூட வேண்டும். விஆர்ஓ வகையில் எரிபொருள் பம்பும் அதுவே என்பதால், எண்ணெய் வாயை மட்டும் அடைத்து எரிபொருளுக்குத் தொடர்ந்து பயன்படுத்துவர். எச்சரிக்கை ஒலியின் கம்பிகளை வெட்டும்போது சூட்டு எச்சரிக்கையின் கம்பியையும் சேர்த்து வெட்டிவிடக் கூடாது. படகு கைமாறும்போது, பம்பு துண்டிக்கப்பட்டது என்று எரிபொருள் தொட்டியின் மூடியிலேயே பெயின்டால் எழுதி வைப்பது நல்லது. புதிதாக வாங்கியவர் எண்ணெய்த் தொட்டியைப் பார்த்துவிட்டு வெறும் பெட்ரோலை ஊற்றி எஞ்சினை இழப்பது இந்த எஞ்சின்களின் கதையில் அடிக்கடி வரும் அத்தியாயம்.

சோழமண்டலக் கரையில் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு பெருகிய கண்ணாடியிழைப் படகுகளில் பெரும்பாலும் நீண்ட வால் தண்டு கொண்ட சிறு டீசல் எஞ்சின்களே பொருத்தப்பட்டன. கிரீவ்ஸ் லொம்பார்டினி அவற்றுள் பெயர்பெற்றது. இவை நான்குவீச்சு வகை. திண்டுக்கல் கிணற்று எஞ்சினைப் போலவே அடியில் எண்ணெய் தங்கும், அளவுக்கோலும் உண்டு. டிவிஎஸ் மொபெட்டும் 2015இல் எக்ஸ்எல் 100 வழியாக நான்குவீச்சுக்கு மாறியது. 2017 ஏப்ரலில் வந்த மாசு விதிகளோடு பழைய இருவீச்சு மாடல் விடைபெற்றது. கன்னியாகுமரி வள்ளங்களிலும் யாழ்ப்பாணக் கரைப் படகுகளிலும் மண்ணெண்ணெயில் ஓடும் இருவீச்சு எஞ்சின்கள் அதற்குப் பிறகும் கேனில் எண்ணெய் கலந்தே ஓடிக்கொண்டிருந்தன.